துரு சாட்சி சொல்லாது

பழவேற்காட்டு ஏரியை அடுத்த மீனவக் குப்பங்களில் வலையோடு இரும்புத் துண்டு ஏதேனும் ஏறிவிட்டால், “இது எம்டன் குண்டு” என்பார் ஒருவர். “இல்லை, டச்சுக்காரன் பீரங்கிக் குண்டு” என்பார் மற்றொருவர். போர்க்காலப் பொருள்களுக்கு இன்று நல்ல விலை உண்டு. விலை உள்ள இடத்தில் போலியும் உண்டு. மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது எங்ஙனம்?

முதலாவது, துருவை நம்பலாகாது. நம் உப்புக் காற்றில் புதிய ஆணியும் ஒரே மழைக்காலத்தில் கிழக்கோலம் பூணும். உருவம், உலோகம், எழுத்து இம்மூன்றுமே நம்பத்தக்க சாட்சிகள்.

டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் இங்குக் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். ஆகவே பழைய இரும்புக் குண்டு அகப்படுவது இயலாததன்று. ஆனால், சிமெண்டு ஆலைகளில் கல்லை அரைக்கும் இரும்பு உருண்டைகளும் பார்வைக்கு அவ்வாறே இருக்கும். குறுக்களவும் எடையும் அக்காலப் பீரங்கிகளின் கணக்கிற்கு ஒத்துவருகின்றனவா என்று அறிந்தோர் அளந்து பார்த்தே முடிவு கூற வேண்டும்.

எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. பழவேற்காடோ அதற்கு வடக்கே வெகு தொலைவில் உள்ளது. இங்கு அகப்படுவதை எம்டன் குண்டு என்பது ஐயத்திற்குரியதே. அக்கப்பலின் குண்டுகள் 10.5 சென்டிமீட்டர் குறுக்களவு உடையவை. சுடப்பட்ட குண்டின் செப்பு வளையத்தில் பீரங்கிக் குழலின் சாய்ந்த கீறல்கள் பதிந்திருக்கும். எனினும், முழுக் குண்டு எதுவாயினும் அதைச் சோதிக்கும் வேலை நம்முடையதன்று. நூறாண்டு கடந்தும் அது வெடிக்கக்கூடும். சுத்தியலால் தட்டாமலும் வீட்டிற்குக் கொண்டுவராமலும் போலீசாருக்கு அறிவிப்பதே கடமை.

இலேசாயும் துருவின்றியும் இருக்கும் வளைந்த தகடு எந்தப் போரையும் கண்டிராது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ஏவப்பட்டுவரும் ராக்கெட்டுகளின் பகுதியாக அது இருக்கலாம். அதையும் தொடாது அறிவித்தலே முறை.

இனி, பாட்டனாரின் பெட்டியில் உள்ள பதக்கங்கள். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் விளிம்பைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போரின் பர்மா நட்சத்திரத்தில் இந்தியப் படையினர்க்குப் பெரும்பாலும் பின்புறத்தில் பெயர் பொறித்தே வழங்கினர். பிரிட்டிஷ் படையினர்க்குப் பெயரின்றி வழங்கினர். ஆதலின், பெயரற்ற நட்சத்திரம் போலியாய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஆனால் அது உங்கள் பாட்டனாருடையது என்று அதை மட்டும் கொண்டு சொல்ல இயலாது.

மெய்ப்பதக்கம் அச்சால் அழுத்தி அடிக்கப்பட்டது; எழுத்துகள் கூர்மையாய் நிற்கும். பழைய பதக்கத்தை அச்சாக வைத்து உருக்கி வார்த்த போலியில் எழுத்துகள் மழுங்கியும், பரப்பில் நுண்குழிகள் விழுந்தும் இருக்கும். உலோகம் ஆறுகையில் சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும். நாடாவைப் புறஊதா விளக்கின் அடியில் வைத்தால், பிற்கால நூல் பளீரென ஒளிரக்கூடும். நாடா பின்னர் மாற்றப்பட்டிருக்கவும் கூடுமாதலால், இது ஒன்றே முடிவான சான்றாகாது.

பெற்றோர்களே, திருநாளுக்குப் பாத்திரம் துலக்குவதுபோல் இவற்றைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்து மறைவது பெயரே. வெள்ளியின் எடைக்கு விற்றுவிடாதீர்கள். படைவிடுப்புச் சான்றிதழையும் கடிதங்களையும் பதக்கத்தோடு சேர்த்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். கடைத்தெருவில் பதக்கம் கிடைக்கும். பாட்டனாரின் பெயர் கிடைக்காது.