தனி அலுவலர் யாருக்குப் பதில் சொல்வார்?

திங்கள்கிழமை காலையில் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் நம் காலனிப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை என்பார்கள். ஊராட்சித் தலைவரிடம் கேட்க வேண்டியவை இவை. தலைவர்தான் இல்லையே! 2019 டிசம்பரில் நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2016 முதல் 2019 வரையும் இதே கதைதான். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் சொல்கிறது.

நிர்வாக அதிகாரம் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்? குடியரசு உருவானபோதே எழுந்த கேள்வி இது. 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசியலமைப்பை அவையில் முன்வைத்த அண்ணல் அம்பேத்கர், அமெரிக்க முறையையும் பிரிட்டிஷ் முறையையும் எடைபோட்டார். அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம். பிரிட்டிஷ் முறையில் பொறுப்புக்கூறல் அதிகம். வரைவு பொறுப்புக்கூறலையே தேர்ந்தது என்றார். தேர்தல் வரும்வரை காத்திராமல், கேள்வியாலும் தீர்மானத்தாலும் ஆட்சியை அன்றாடம் விசாரிக்க முடியும் என்பது அவர் சொன்ன காரணம்.

அதே உரையில் கிராமத்தைக் கடுமையாகச் சாடியவரும் அவர்தான். எனவே, "சாதி ஊராட்சியைவிட அதிகாரி மேல்" என்று நம்மவரிலேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். மேலவளவு முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டது பக்கத்து மதுரை மாவட்டத்தில்தான். தலித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றத் தடை கூடாதென்று 2022-இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. காசோலையில் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் தலித் தலைவரின் வேலை முடங்கியது.

ஆனாலும் அந்த நாற்காலி நமக்கு இடஒதுக்கீட்டால் வந்தது. தனி அலுவலரின் நாற்காலிக்கு ஒதுக்கீடு கிடையாது. அவர் மேலதிகாரிக்குப் பதில் சொல்வார். ஓட்டுப் போட்ட நமக்குச் சொல்லத் தேவையில்லை. மிரட்டப்படும் தலைவருக்குப் பாதுகாப்புக் கேட்பது வேறு, தலைவரே வேண்டாம் என்பது வேறு.

கிராம சபைக்குப் படித்த பிள்ளைகள் போக வேண்டும். தேர்தலைக் கோரும் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.