போமட் அடிக்க முன்



தவணைப் பரீட்சை நெருங்கும்போதுதான் லெப்டொப்பும் காலை வாரும். கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று நிற்கும். கடைக்குக் கொண்டுபோனால் "விண்டோஸ் அடிச்சுத் தாறம்" என்பார்கள், நாங்களும் தலையாட்டிவிட்டு வருகிறோம். ஆசிரியர்களாகிய நாங்கள் இந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

டிஸ்க்கே பழுதென்றால், புதிதாக அடிப்பது இருந்ததற்கு மேல் எழுதுவதுதான். கணிப்பீட்டுப் புள்ளிகள், வினாத்தாள்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

முதலில் பயோஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்போம். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. தெரியாவிட்டால் கழற்றித் திரும்பப் பூட்டலாம், சிலவேளை இணைப்புத்தான் கழன்றிருக்கும். தெரிந்தால் உபுண்டு ஏற்றிய பென் டிரைவில் இயக்கி, பைல்களை வேறொன்றுக்கு எடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் உடனே நிறுத்த வேண்டும். ஓன் பண்ணப் பண்ண உள்ளே தட்டு கீறுப்படும். எஸ்எஸ்டி சத்தமில்லாமலே மௌத்தாகும், அது வேறு கதை.

2023 ஆகஸ்டில் லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் போயின. அந்த நாட்களுக்குப் பிரதி இருக்கவில்லை. கொழும்பிலேயே இப்படியென்றால், பழைய லெப்டொப் ஒன்றை நம்பி முழுப் பாடசாலையின் புள்ளிகளையும் வைக்கலாமா?

அதிபர்மாரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். வாராவாரம் பிரதி எடுக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். திருத்தக் கொடுக்கும்போது 'டேட்டா வேணும், போமட் அடிக்க வேண்டாம்' என்று துண்டில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.