மந்திரவாதிக்கு எது வலிமை?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் மாயக்கதை ஆட்டங்களில் மந்திரவாதி வேடம் ஏற்பவர் முதலில் தேடுவது, மிகுதியாக அழிக்கும் மந்திரத்தையே. வலிமை அதில் இல்லை என்பது எங்கள் கட்சி.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ஜாக் வான்ஸின் ‘த டையிங் எர்த்’ (1950) நூலிலிருந்து ஒரு கருத்தைப் பெற்றது: மனனம் செய்த மந்திரம், ஓதியவுடன் நினைவிலிருந்து அழிந்துவிடும். ஆகவே காலையில் எதை மனனம் செய்வது என்பதிலேயே மந்திரவாதியின் அறிவு தெரியும். (பிந்தைய பதிப்புகள் இவ்விதியைத் தளர்த்தின. எங்களுக்கு அதில் மகிழ்ச்சியில்லை.) நம் மரபுக்கும் இது புதிதன்று. இடையன் மூலனின் உடலில் புகுந்த திருமூலர், திரும்பி வந்து தேடியபோது தம் பழைய உடலைக் காணவில்லை. வித்தைக்கு விலை உண்டு.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் சரிவை ஆட்டக்களமாகக் கொள்வோம். மாதம் மார்ச், போதைப்புல் காய்ந்து நிற்கிறது. எல்லோரும் விரும்பும் தீக்கோள மந்திரம் 20 அடி ஆரத்துக்குள் எரியக்கூடியவற்றைப் பற்றவைக்கும் என்று விதிநூலே சொல்கிறது. 2018 மார்ச் 11 அன்று இச்சரிவுகளில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தீக்கோளத்தை எறிந்துவிட்டுப் பகடை எண்களை மட்டும் கூட்டுபவருடன் எங்களால் ஆட இயலாது.

மூடுபனியை எழுப்பும் மந்திரமும், விழுபவரை இறகுபோல் இறக்கும் மந்திரமும் அந்தச் செங்குத்தில் எத்தனையோ உயிர்களைக் காக்கும். எதை ஓதுவதற்கு முன்பும் காற்றின் திசையை ஆட்டம் நடத்துபவரிடம் கேட்கட்டும். கீழே ஏலத்தோட்டத்தில் ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்கட்டும்.