ஒரு கமா படுத்தும் பாடு

எழுத்துப் பிழை பார்ப்பதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போச்சு என்று நினைக்கிறோம். வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

இங்கே தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் என் நாத்தனார் மகள் ஒப்பந்தங்களை டைப் அடிக்கிறாள். மேலதிகாரி தாளுக்குத் தாள் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிவிடுகிறாராம். "ஒரு கமாவுக்கு நாலு தரம் அடிக்கணுமா அத்தை? வேலையே வேணாம்னு இருக்கு" என்று கண் கலங்குகிறாள்.

பாவம்தான். ஆனால் கமா லேசுப்பட்டதல்ல. 1940-ம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் 27-வது பிரிவு இருக்கிறது. அதன் ஆங்கில வாசகத்தில் இருப்பு வைப்பதையும் விற்பனைக்குக் காட்டி வைப்பதையும் கமா போட்டுப் பிரிக்கவில்லை. ஆகவே மருந்தை விற்பதற்காக இருப்பு வைத்தால்தான் அந்தப் பிரிவில் குற்றம், வெறுமே வைத்திருந்தால் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1979-ம் வருஷத் தீர்ப்புத் தொகுப்புகளில் இதைக் காணலாம். ஜெயிலா, வீடா என்பதே ஒரு கமாவில் நிற்கிறது!

அதற்காக எல்லாச் சுழிப்பும் நியாயமாகிவிடாது. 'மேற்படி'யை 'மேற்கண்ட' என்று மாற்றுவதால் யாருக்கு என்ன லாபம்? "அர்த்தம் மாறுதா சார்?" என்று பணிவாகக் கேள் என்றேன். மாறினால் முகம் சுளிக்காமல் திருத்து. மாறாவிட்டால் அவருக்குப் பிடித்த சொற்களை நோட்டில் குறித்துக்கொள்; மறுபடி அடிக்கும் வேலை மிச்சம்.

சகோதரிகளே, வீட்டுப் பத்திரத்துக்கும் இதுதான். பெயர், இனிஷியல், சர்வே நம்பர், நான்கெல்லை எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பதிவான பின் பிழை தெரிந்தால், பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக்கொண்டு மறுபடி சார்பதிவாளர் ஆபீஸ் படி ஏற வேண்டும்.