நிதித்துறைக்கு எக்கல்லூரி?

வரிச்சிக்குடியில் எங்கள் இல்லத்தில் இத்திங்கள் முழுதும் ஒரே வழக்காடல். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய என் தம்பி பட்டயக் கணக்காளன் ஆக விழைகின்றான். சென்னையிற் பெரும்புகழ் வாய்ந்த கல்லூரியொன்றில் அவனுக்கு இடம் கிடைத்துளது. காரைக்கால் அரசினர் கல்லூரியிலும் கிடைத்துளது. கால்காணி நிலத்தை ஒற்றிவைத்தேனும் சென்னைக்கு அனுப்புதல் வேண்டும் என்பது தந்தையார் கருத்து. வேண்டா என்பது என் கருத்து. “தமிழ் படிக்கும் உனக்கு இதில் என்ன தெரியும்?” என்றார். தெரிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

பட்டயக் கணக்காளர் கழகம் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அது நடத்தும் தேர்வு மூன்று படிகளை உடையது. முதற்படியைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம். விடைத்தாள் திருத்துவோர், எழுதியவன் எக்கல்லூரியினன் என்று வினவுவதில்லை. தேர்வேயன்றிக் கணக்காளர் ஒருவரிடம் 2 ஆண்டு பயிற்சியும் பெறல் வேண்டும். 2023-க்கு முன்னர் அது 3 ஆண்டாக இருந்தது. பயிற்சிக்காலத்து உதவித்தொகை சிறிது. அதற்கென அவன் சென்னையில் தங்க நேரின், அன்றன்றோ நிலம் உதவல் வேண்டும்! இன்றே அதனை ஒற்றிவைத்துவிட்டால் அன்று எதனை வைப்பது?

ரிசர்வ் வங்கியின் ஆளுநராக 1992 முதல் 1997 வரை விளங்கிய சி. ரங்கராஜன், மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் வணிகவியல் பயின்றவர். 1946-இல் தோன்றிய அக்கல்லூரிக்கு அந்நாளிற் பத்தாண்டும் நிரம்பவில்லை. பின்னரே அவர் அமெரிக்கா சென்று, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1964-இல் முனைவரானார். பெரும்பெயரை இரண்டாம் படியிலும் தேடிக்கொள்ளலாம் போலும். அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வார்ட்டன் பள்ளியில் 1947-இற் சேர்ந்த வாரன் பபெட்டோ, ஈராண்டின்பின் அதனை விடுத்துத் தம் மாநிலமாகிய நெப்ராஸ்காவின் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி, 1950-இற் பட்டம் பெற்றார். (அவர் தந்தையார் பங்குத் தரகர் என்பதனை மறைத்தல் முறையன்று.)

மறுப்பும் ஒன்று உண்டு. முதலீட்டு வங்கிகள் தில்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்ற சிலவற்றிற்கே நேரிற் சென்று ஆள் தேர்கின்றன. அவ்வேலையே வேண்டுவோன் கடன்பட்டேனும் அங்குச் செல்லுதல் பிழையன்று. உடன்பயில்வார் ஊக்கம் எளிதில் இடந்தரும் கல்லூரியிற் குறைவு என்பாரையும் யான் மறுக்கேன். தம்பி வைகறையில் தானே எழுந்து படிப்பவனாதலின் அவ்வச்சம் எனக்குச் சிறிதே.

இவற்றையெல்லாம் கேட்ட தந்தையார் விடையேதும் கூறாமல் வயலுக்குச் சென்றுவிட்டார். கட்டணம் செலுத்த இன்னும் நான்கு நாள் உளது.