மூளைக்குக் கரண்ட் கொடுத்தால் கணக்குப் பயம் போகுமா?



உங்களில் மூன்று பேர் ஒரே மாதத்தில் இதைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், தலையில் மாட்டினால் லேசாகக் கரண்ட் கொடுக்கிற மிஷின் ஆன்லைனில் விற்கிறது. பரீட்சைப் பயம் போய் மனசு ஒருநிலைப்படுமாம். பையனுக்கு வாங்கலாமா?" வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீச்சருக்கு வயசாகிவிட்டது என்பீர்கள்.

"மனசில ஏழு, கையில அஞ்சு" என்று கூட்டச் சொல்லிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஏழு மனசில் நிற்க இடம் வேண்டும். "தப்பாப் போனா அப்பா திட்டுவாரே" என்ற பயம் அங்கே வந்து உட்கார்ந்தால் ஏழு நழுவிவிடும். அந்தப் பயத்தை ஒதுக்கி வேலையைப் பார்க்க வைப்பதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை அங்கேதான் செலுத்திப் பார்க்கிறார்கள்.

2014-இல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் விஷயத்தையே பேசுகிறது. கணக்குப் பயம் அதிகமுள்ள பெரியவர்களுக்கு இந்த மின்சாரம் கொடுத்தபோது, எளிய கணக்குகளுக்கு வேகமாக விடை சொன்னார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பும் குறைந்தது. விளம்பரக்காரர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் கேளுங்கள். பயம் குறைவாக உள்ளவர்களுக்கு அதே மின்சாரம் வேகத்தைக் குறைத்தது. இரண்டு கூட்டத்துக்குமே, தேவையில்லாததை ஒதுக்கிக் கவனிக்கும் வேறொரு சோதனையில் திறமை சரிந்தது. ஒரு பக்கம் தூக்கினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது! இதில் உங்கள் பிள்ளை எந்தக் கூட்டம் என்று வீட்டில் யார் அளந்து பார்ப்பது? அதிலும் வளர்கிற மூளை.

2016-இல் இத்துறை ஆராய்ச்சியாளர்களே பலர் சேர்ந்து, வீட்டில் தாமாகவே இதைச் செய்துகொள்கிறவர்களை எச்சரித்துத் திறந்த மடல் எழுதினார்கள். மின்சாரம் பஞ்சு வைத்த இடத்தோடு நிற்பதில்லை, ஒரு திறமை கூடினால் இன்னொன்று குறையலாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு நோய்க்கு மருத்துவமனையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சை வேறு. அமெரிக்காவில் 2008-லேயே அதற்கு அனுமதி உண்டு. டாக்டர் சொல்லி யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட வேண்டாம்.

சரி, பையனுக்கு என்ன செய்வது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. பரீட்சைக்குச் சற்று முன் 10 நிமிடம், தன் பயத்தைப் பற்றியே எழுதிய மாணவர்கள், அதிலும் பயம் அதிகமுள்ளவர்கள், நன்றாக எழுதினார்கள். ஒரு பேப்பர், ஒரு பேனா, அவ்வளவுதான் செலவு. முதலில் வீட்டு டெஸ்டில் செய்து பாருங்கள். அவன் எழுதிய பேப்பரை மட்டும் நீங்கள் வாங்கிப் படிக்கக் கூடாது. அப்பாவும்தான்.