சதுர அடைப்புக்குள் ஒரு சொல்

ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொரு சொல் இல்லை என்று நாம் ஓயாமல் வாதிடுகிறோம். கூகுளின் தேடல் விளம்பரத்தில் அந்த வாதத்துக்குக் காசு மதிப்பே உண்டு. விளம்பரதாரர் தேடுசொற்களைத் தெரிவுசெய்கிறார். எவரேனும் தேடிவந்து சொடுக்கினால் பணம் கட்டுகிறார். சதுர அடைப்புக்குள் இட்ட சொல் ‘துல்லியப் பொருத்தம்’. அதைத் தேடியவருக்கு மட்டுமே விளம்பரம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

2014இல் பன்மையையும் எழுத்துப்பிழையையும் கட்டாயமாகச் சேர்த்தார்கள். போகட்டும். 2017இல் சொல்வரிசையைக் கலைத்தார்கள். 2018இல், பொருள் ஒன்றானால் போதும் என்றார்கள். பொருள் ஒன்றா என்று தீர்ப்பளிப்பதும் அவர்களுடைய இயந்திரமே. பெயர் மட்டும் இன்னமும் ‘துல்லியம்’!

வேண்டாத தேடல்களைத் தவிர்க்க விலக்குச்சொற்கள் தரலாம். வேடிக்கை இங்கேதான். தாராளமாகப் பொருள்கொண்ட அதே இயந்திரம் விலக்கும்போது கறாரான புலவராகிவிடுகிறது. ஒருமையை விலக்கினால் பன்மை விலகாது, ஒத்தசொல்லும் விலகாது. ஒவ்வொன்றையும் நாமே எழுதித் தர வேண்டும். எழுத்துப்பிழைக்கு மட்டும் 2024இல் இரக்கம் காட்டினார்கள்.

தேடுவோர் ஒன்றையே பலவாறு எழுதுவர், ஆகவே நெகிழ்வு தேவை என்பார்கள். மெய்தான். அதற்கென்றே ‘அகலப் பொருத்தம்’ என்று வேறொரு வகை தொடக்கம் முதலே இருக்கிறதே.